இலையுதிர்காலம் இல்லாத நாட்டில் இலையுதிர்கால உடுப்பு

நுவரெலியாவின் பேல் பஸாரில் விற்கும் ஜக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கழுத்து லேபல் இருக்காது. கத்தரிக்கோலால் பாதியாக வெட்டப்பட்ட ஒரு துண்டு மட்டும் தையலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் மிஞ்சியிருக்கும் இரண்டு எழுத்துகளை வைத்து இது இன்ன கம்பனியுடையது என்று ஆட்கள் ஊகிப்பார்கள். பிறகு பேரம் பேசுவார்கள், வாங்குவார்கள். அதைப் போட்டுக்கொண்டு கிரகரி வாவிக் கரையில் நின்று படம் எடுப்பார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து கிடைத்தால் மலைநாட்டுக்குப் போவதும், போனால் ஒரு ஜக்கெட்டோ ஹூடியோ வாங்கி வருவதும் இன்று யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்பு வரை பல இளைஞர்களின் வழக்கம். நானும் அதில் ஒருத்திதான்.

ஆனால், அந்த ஜக்கெட் நுவரெலியாவின் குளிருக்காகத் தைக்கப்பட்டதல்ல. டொரொன்டோவிலோ நியூயோர்க்கிலோ செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் போடுவதற்காகத் தைக்கப்பட்டது. இலையுதிர்காலம் என்றொரு பருவம் இலங்கையில் இல்லை. றப்பர் மரங்கள் ஜனவரி, பெப்ரவரியில் இலை கொட்டும், அதற்காக எவரும் உடுப்பு மாற்றுவதில்லை. அப்படியானால் இலையுதிர்கால உடுப்பு எப்படி இங்கே குவிகிறது? ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது? ஆடைத் தொழிலாளர்கள் பற்றிச் சில வருடங்களாக எழுதி வருபவள் என்ற வகையில் இந்தக் கேள்விகளுக்கான பதிலைச் சொல்ல முயல்கிறேன். அதோடு, இப்படியான உடுப்பு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

பருவம் அங்கே, நாட்காட்டி இங்கே

வட அமெரிக்காவில் இலையுதிர்காலம் என்பது கோடைக்கும் கடுங்குளிருக்கும் இடைப்பட்ட இரண்டு, மூன்று மாதங்கள். காலையில் 8 பாகை, மதியத்தில் 18 பாகை என்று ஒரே நாளில் வெப்பநிலை ஏறி இறங்கும். ஆகவே ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, தேவைப்படும்போது கழற்றக்கூடிய உடுப்புகள்தான் அந்தப் பருவத்துக்குரியவை. உள்ளே ஒரு டீசேர்ட், அதன் மேல் கட்டம் போட்ட ஃபிளனல் சேர்ட் அல்லது ஹூடி, அதற்கும் மேல் கையில்லாத பஞ்சு ஜக்கெட், கீழே லெகிங்ஸ் அல்லது கோடுரோய் காற்சட்டை. வார இறுதியில் அப்பிள் தோட்டத்துக்கும் பூசணிப் பண்ணைக்கும் சிவந்த மேப்பிள் இலைகள் பார்க்கக் காட்டுப் பக்கமும் போவதற்கான உடுப்பு இது. ஸ்காப்ரோவில் இருக்கும் எங்கள் உறவினர்கள் ஒக்டோபர் மாதத்தில் அனுப்பும் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்தப் படங்களில் இருக்கும் லெகிங்ஸும் ஹூடியும் இலங்கையில் தைக்கப்பட்டவையாக இருக்கக்கூடும். அவர்களில் சிலர் லேபலைப் பார்த்துவிட்டு, "இது எங்கட ஊர்ச் சாமான்" என்று சொல்வதும் உண்டு.

இலங்கையின் பண்ட ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ 40 வீதம் ஆடைகளிலிருந்தே வருகிறது. ஆண்டுக்குச் சுமார் 500 கோடி டொலர். அதில் ஐந்தில் இரண்டு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. உள்ளாடைகள், விளையாட்டு உடுப்புகள், லெகிங்ஸ் போன்றவற்றில் இலங்கைத் தொழிற்சாலைகளுக்குத் தனிப் பெயர் இருக்கிறது. வீட்டிலும் போடலாம், உடற்பயிற்சிக்கும் போடலாம், வெளியிலும் போகலாம் என்ற வகை உடுப்புகளுக்கு உலகளவில் கேள்வி கூடியபோது, அந்த அலையால் நன்மை பெற்ற நாடுகளில் இலங்கையும் ஒன்று.

இந்தத் துறையில் பருவம் என்பது காலநிலையைப் பார்த்து வருவதில்லை. ஓர் இலையுதிர்கால ஹூடியின் வடிவமைப்பு ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன்பே தொடங்கிவிடும். மாதிரிகள் தைத்து அனுப்பப்பட்டு, திருத்தப்பட்டு, முந்திய ஆண்டின் கடைசியில் அல்லது புத்தாண்டின் ஆரம்பத்தில் கட்டளை உறுதியாகும். பெப்ரவரி, மார்ச்சில் துணி வந்திறங்கும். அதில் கணிசமான பகுதி சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருவது. மார்ச் முதல் ஜூன் வரை வெட்டும், தையலும், பொதியிடலும் நடக்கும். பிறகு கப்பல். ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்கக் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகள் ஹூடி போட்டுக்கொண்டு நிற்கும்.

அதாவது கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் வெயில் உச்சியைப் பிளக்கும் மாதங்களில், தகரக் கூரை போட்ட போடிங் அறைகளில் இரவு தூக்கம் வராத மாதங்களில், பகலில் அவர்கள் தைத்துக்கொண்டிருப்பது குளிருக்கான உடுப்பு.

இதில் ஒரு திகதி தவறினால் எல்லாம் தவறும். ஒக்டோபருக்கான ஜக்கெட் டிசெம்பரில் போய்ச் சேர்ந்தால் அதைத் தள்ளுபடியில்தான் விற்க வேண்டும். எனவே தாமதமானால் வாங்குபவர் விலையைக் குறைப்பார், அல்லது விமானத்தில் அனுப்பும்படி கேட்பார். விமானச் செலவு பெரும்பாலும் தொழிற்சாலையின் தலையில் விழும். 2023ஆம் ஆண்டின் கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும் பல கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பயணம் பத்து நாள், பதினான்கு நாள் என்று நீண்டது. கப்பலில் போன அந்த நாட்களை வேறெங்காவது மிச்சம் பிடிக்க வேண்டும். துணி வரும் திகதியை முன்னுக்குத் தள்ள முடியாதபோது மிஞ்சுவது தைக்கும் நாட்கள்தான்.

நிமிடத்தில் அளக்கப்படும் உடுப்பு

ஆடைத் தொழிற்சாலையில் ஓர் உடுப்பின் முதல் அளவு நிமிடம். ஒரு ஹூடியைத் தைக்கத் தேவையான ஒவ்வொரு வேலையும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டு, தோள் மூட்டுவதற்கு இத்தனை விநாடி, பை வைப்பதற்கு இத்தனை விநாடி, சிப் பூட்டுவதற்கு இத்தனை விநாடி என்று கணக்கிடப்படும். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு சாதாரண ஹூடிக்கு 20 முதல் 30 நிமிடம் வரும். இந்த எண்தான் வாங்குபவரோடு விலை பேசும் மேசையிலும் இருக்கிறது, தையல் வரிசையின் தலைப்பில் தொங்கும் பலகையிலும் இருக்கிறது. மேசையில் அதற்குப் பெயர் நியம நிமிடம். வரிசையில் அதற்குப் பெயர் டார்கெட்.

அந்த நிமிடத்தின் விலை என்ன? இலங்கையின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று பார்த்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 195 மணித்தியாலம். 30,000 ரூபாவை அதனால் வகுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 154 ரூபா, ஒரு நிமிடத்துக்கு இரண்டரை ரூபா. 25 நிமிடத்தில் தைபடும் ஹூடிக்கு 64 ரூபா. எந்த வரிசையும் நூற்றுக்கு நூறு வேகத்தில் ஓடுவதில்லை. 60 வீத வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொண்டால் நூறு ரூபாவைச் சற்றுத் தாண்டும். ஊழியர் சேமலாப நிதி, இதர கொடுப்பனவுகள் எல்லாம் சேர்த்தாலும் தையல் கூலி ஒரு பிளேன்டியும் இரண்டு வடையும் வாங்கும் காசுக்கு அருகில்தான் நிற்கும். இது குறைந்தபட்சச் சம்பளத்தை வைத்து நான் போட்ட கணக்கு. பழைய தொழிலாளர்களின் அடிப்படைச் சம்பளம் இதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆனாலும் அமெரிக்கக் கடையில் 50 டொலருக்கு, அதாவது 15,000 ரூபாவுக்கு விற்கும் உடுப்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிதாக மாறாது.

ஆகவே நுவரெலியாவில் அதே உடுப்பு இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாவுக்குக் கிடைக்கும்போது, யாரோ நட்டப்பட்டு விற்கிறார்கள் என்று நினைக்கத் தேவையில்லை. வெளிநாட்டு விலையில் இருக்கும் கடை வாடகை, விளம்பரம், பெயர், இலாபம் எல்லாம் கழிந்த பிறகு துணியும் நூலும் அந்த நிமிடங்களும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன.

எஞ்சியது எப்படி எஞ்சுகிறது?

பத்தாயிரம் உடுப்புக்குக் கட்டளை வந்தால் தொழிற்சாலை சரியாகப் பத்தாயிரம் வெட்டுவதில்லை. சில பழுதாகும் என்று தெரிந்தே கொஞ்சம் கூடுதலாக வெட்டும். தைத்து முடிந்ததும் வாங்குபவரின் தரப் பரிசோதகர் பெட்டிகளிலிருந்து எழுந்தமானமாகச் சில உடுப்புகளை எடுத்துப் பார்ப்பார். இத்தனை எடுத்ததில் இத்தனைக்கு மேல் குறை இருந்தால் முழுத்தொகுதியும் திரும்பும் என்று அட்டவணை உண்டு. இப்படி மூன்று வகை உடுப்புகள் உள்ளே தங்கிவிடும். ஒன்று, பழுதே இல்லாத மேலதிக உடுப்பு. இரண்டு, சிறு குறையால் ஒதுக்கப்பட்டது. மூன்று, கட்டளையே இரத்தானதால் அநாதையானது.

மூன்றாவது வகை சாதாரண காலத்தில் குறைவு. 2020 மார்ச், ஏப்ரலில் அதுதான் உலகம் முழுவதும் அதிகம். கொவிட் பரவியதும் பெரிய கம்பனிகள் பல, ஏற்கெனவே தைத்து முடிந்த உடுப்புகளைக்கூட வேண்டாம் என்று சொல்லின.

தங்கிய உடுப்பு தொகையாக, கிலோக் கணக்கிலோ பெட்டிக் கணக்கிலோ, மொத்த வியாபாரிகளிடம் போகும். அங்கிருந்து புறக்கோட்டைக்கும் மஹரகமவுக்கும் நுகேகொடை நடைபாதைக்கும் போகும். கனமான உடுப்பை வெக்கையான கொழும்பில் யாரும் சீண்டமாட்டார்கள் என்பதால் அதில் ஒரு பகுதி மலைக்கு ஏறும். வெளியே விற்கும்போது பெயர் தெரியக்கூடாது என்று வாங்குபவர்கள் பலர் விதிக்கும் நிபந்தனைக்காகத்தான் கழுத்து லேபல் வெட்டப்படுகிறது. பேல் என்பது துணிக்கட்டு. கட்டுக்கட்டாக வந்த உடுப்பு பிரித்து விற்கப்பட்ட இடம் என்பதைப் பஸாரின் பெயரே சொல்கிறது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கழுத்து லேபல் போனாலும் இடுப்புப் பக்கத் தையலில் ஒரு வெள்ளைத் துண்டு பெரும்பாலும் தப்பியிருக்கும். சலவைக் குறிப்பு அதில்தான் இருக்கிறது. எந்த நாட்டில் தைத்தது, துணியில் என்ன நூல் எத்தனை வீதம் என்பவை அதில் இருக்கும். அமெரிக்கச் சந்தைக்கான உடுப்பென்றால் 'ஆர்.என்.' என்ற இரண்டு எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கலாம். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவிடம் பதிந்த எண் அது. ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் எந்தக் கம்பனி என்று தெரிந்துவிடும். கனடாவுக்கான உடுப்பில் இதேபோல 'சீ.ஏ.' எண் இருக்கும். ஊகமும் பந்தயமும் தேவையில்லை.

பெயரைவிடத் துணி முக்கியம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில். அங்குள்ள குளிர் ஈரக் குளிர். மூடுபனியும் தூறலும் எந்த நேரத்திலும் வரும். முழுப் பருத்தி ஹூடி நனைந்தால் இலகுவில் காயாது, உடம்பின் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். பொலியெஸ்டர் ஃபிளீஸ் நனைந்தாலும் விரைவாகக் காயும். பஞ்சு ஜக்கெட்டில் பறவை இறகு அடைத்ததும் உண்டு, செயற்கைப் பஞ்சு அடைத்ததும் உண்டு. இறகு இலேசானது, சூடானது. ஆனால் நனைந்தால் கட்டிபட்டுப் பயனற்றுப் போகும். எங்கள் மலைநாட்டுக்குச் செயற்கைப் பஞ்சுதான் பொருத்தம். விலையும் குறைவு.

இரண்டாந்தரத்தில் என்ன குறை இருக்கிறது என்று கேட்டுப் பயனில்லை, நீங்களேதான் தேட வேண்டும். இரண்டு கைகளையும் பக்கம் பக்கமாகப் பிடித்து நீளம் பாருங்கள். சிப்பை மேலும் கீழும் மூன்று முறை இழுங்கள். முதுகுத் துண்டும் முன்துண்டும் ஒரே நிறமா என்று கடைக்கு வெளியே வெளிச்சத்தில் பாருங்கள். வெவ்வேறு துணிச் சுருளில் வெட்டிய துண்டுகள் சேர்ந்திருந்தால் நிறம் இலேசாக மாறும். கம்பிக்குள், அக்குளில், பையின் மூலையில் தையல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஓர் எண்ணெய்ப் பொட்டுக்காகவோ ஒரு சென்ரிமீற்றர் கோணலுக்காகவோ ஒதுக்கப்பட்ட உடுப்பு உங்களுக்குப் பத்து வருடம் உழைக்கும். சிப் பழுதென்றால் மாற்றும் கூலியைச் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஒரு தடித்த ஜக்கெட்டைவிட மூன்று மெல்லிய உடுப்புகள் நல்லது. ஹோட்டன் சமவெளியில் உலக முடிவைப் பார்க்க விடியற்காலையில் நடக்கத் தொடங்கும்போது பல்லுக் கிட்டும். ஒன்பது மணிக்கு வெயில் முதுகைச் சுடும். அந்த நேரத்தில் மேலே உள்ளதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். வட அமெரிக்கர்கள் இலையுதிர்காலத்துக்கென்று வகுத்த முறை எங்கள் மலைநாட்டின் ஒரு நாளுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

வார இறுதி யாருக்கு?

உடுப்பைப் பற்றிச் சொன்னேன். இனி, அதைப் போட்டுக்கொண்டு போகும் சனி, ஞாயிறைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நுவரெலியாவுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து வந்து கட்டுநாயக்கவில் ஆறு வருடங்களாகத் தைக்கும் தங்கச்சி ஒருத்தியோடு நான் பேசினேன். வேலை போகக்கூடாது என்பதால் பெயரும் தோட்டமும் வேண்டாம். அவளுடைய வேலை ஹூடிக்குப் பை வைப்பது. மார்ச்சிலிருந்து ஜூன் வரை வீட்டுக்குப் போவது மிகக் குறைவு என்றாள். ஏன் என்று கேட்டேன். "சனிக்கெழம வேலக்கி வரலேன்னா காசு வெட்டுவாங்கக்கா. ஞாயித்துக்கெழம ஒரு நாள்ல ஊருக்குப் போயிட்டுத் திரும்ப ஏலாது" என்றாள்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் ஒரு முழு முறைமை இருக்கிறது. சட்டப்படி சாதாரண வேலைநேரம் கிழமைக்கு 45 மணித்தியாலம். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்கு 2002இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, பெண்களிடம் மாதத்துக்கு 60 மணித்தியாலம் வரை மேலதிக நேர வேலை வாங்கலாம். அதற்கு முன்னர் ஆண்டுக்கே 100 மணித்தியாலம்தான் எல்லை. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. இதற்கு மேல் பல தொழிற்சாலைகளில் வருகைக் கொடுப்பனவு என்று ஒன்று உண்டு. மாதம் முழுவதும் தவறாமல் வந்தால் ஒரு தொகை. ஒரு நாள் தவறினால் அதில் பெரும்பகுதியோ முழுவதுமோ போய்விடும். அடிப்படைச் சம்பளத்தில் போடிங் வாடகையும் சாப்பாடும் வீட்டுக்கு அனுப்புவதும் முடியாது. ஓ.டி.யும் வருகைக் கொடுப்பனவும் சேர்ந்தால்தான் முடியும். ஆகவே சனிக்கிழமை வேலைக்கு வரும்படி யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளத் தேவையில்லை. சம்பளப் பட்டியலே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளை லயம் என்கிறோம். தொழிற்சாலையில் தையல் இயந்திரங்கள் நிற்கும் வரிசையை லைன் என்கிறார்கள். இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தவை. ஒரு வரிசையிலிருந்து தப்ப வேண்டும் என்றுதான் இந்தப் பிள்ளைகள் மற்ற வரிசைக்கு வருகிறார்கள். போருக்குப் பிறகு கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் என்று வடக்கிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. அங்கும் அதிகாலையில் தொழிற்சாலை பஸ்ஸுக்காகச் சந்தியில் நிற்கும் பெண்களைப் பார்க்கலாம். வீட்டில் உழைக்க வேறு ஆளில்லாத பெண்களுக்கு அந்த வேலை பெரிய ஆறுதல். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். என்னோடு பேசிய தங்கச்சியும் வேலையை விட விரும்பவில்லை. தம்பியை உயர்தரம் வரை படிக்க வைத்தது அந்தப் பை தைத்த காசுதான் என்றாள். அவள் கேட்பதெல்லாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காசு வெட்டாமல்.

குளிரில் வேலை செய்பவர்கள்

சுற்றுலாப் போகிறவர்களுக்கு நுவரெலியாவின் குளிர் இன்பம். ஜனவரியில் புல்லில் உறைபனி விழுந்தால் அதைப் பார்க்கவே கூட்டம் வரும். அதே காலையில் கொழுந்தெடுக்கப் போகிறவர்களுக்கு அது வேலைநேரம். இடுப்பில் படங்கும் தலையில் துணியும், உள்ளே இரண்டு மூன்று பழைய சுவெட்டர்களும்தான் அவர்களுடைய அடுக்கு முறை. வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத் தொழிலாளருக்குக் கம்பளி கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதன் விலை அவர்களுடைய கணக்கிலேயே எழுதப்பட்டு, கூலியில் கழிக்கப்பட்டது. குளிருக்கான உடுப்பைத் தொழிலாளி தன் காசிலேயே வாங்க வேண்டும் என்ற விதி மாறவில்லை, கடைதான் மாறியிருக்கிறது.

பேல் பஸாரின் வாடிக்கையாளர்கள் சுற்றுலாப் பயணிகள் மட்டும் என்று நினைப்பது தவறு. தீபாவளி முற்பணம் கிடைத்ததும் பிள்ளைகளுக்குச் சூடான உடுப்பு வாங்கத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் நகரத்துக்கு வருகின்றன. தீபாவளி ஒக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரைக்குள் வருவது. உலகின் மறுபக்கத்தில் இலையுதிர்காலம் நடக்கும் அதே கிழமைகளில், அந்தக் கட்டளைகளில் மிஞ்சிய உடுப்பை மலையகப் பிள்ளைகள் போடுகிறார்கள். இந்த உடுப்புகளை வீண், குப்பை என்று ஒதுக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். மலிவான நல்ல ஜக்கெட் இங்கே பலருக்கு அலங்காரம் அல்ல.

ஏப்ரலில் வந்த செய்தி

2025 ஏப்ரல் 2ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை என்று அறிவித்தார். மேலே சொன்ன நாட்காட்டியைத் திரும்பிப் பாருங்கள். அந்தக் கிழமை இலங்கையின் தையல் வரிசைகளில் ஓடிக்கொண்டிருந்தது இலையுதிர்காலச் சரக்கு. அது அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது என்ன வரி என்று எவருக்கும் தெரியாது. அறிவிப்பு இடைநிறுத்தப்பட்டது. ஜூலையில் 30 வீதம் என்றார்கள். ஓகஸ்ட் 7 முதல் 20 வீதம் என்று நடைமுறைக்கு வந்தது.

ஐரோப்பாப் பக்கம் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை. 2005இல் கிடைத்தது, மனித உரிமைக் கடப்பாடுகளை நிறைவேற்றவில்லை என்று 2010 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டது, 2017 மே மாதத்தில் மீண்டும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தற்போதைய சலுகைத் திட்டம் நிரந்தரமானதல்ல. அதன்பிறகு வரும் ஒழுங்கில் இலங்கை எப்படி நிற்கும் என்பது, தொழிலாளர் உரிமைகளையும் சேர்த்துத்தான் பார்க்கப்படும்.

வரி ஏறும்போது வாங்குபவர் விலையைக் குறைக்கக் கேட்பார். தொழிற்சாலை துணியின் விலையைக் குறைக்க முடியாது, மின்கட்டணத்தைக் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது நிமிடத்தை மட்டும்தான். 25 நிமிட ஹூடியை 23 நிமிடத்தில் முடிக்கும்படி பலகையில் எண் மாறும். வாஷிங்டனில் ஒருவர் சொன்ன வீதம், கட்டுநாயக்கவில் பை வைக்கும் ஒரு பெண்ணின் விநாடிகளாக மாறும் வழி இதுதான்.

என்ன செய்யலாம்?

இந்த உடுப்பை வாங்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வாங்காமல் விட்டால் அந்த ஜக்கெட் எரிக்கப்படும் அல்லது மண்ணுக்குள் போகும். தைத்தவளுக்கு அதனால் ஒரு சதமும் கூடாது. நல்லதைப் பார்த்து வாங்கி, கிழியும் வரை போடுவதுதான் அந்த நிமிடங்களுக்குக் கொடுக்கும் மரியாதை.

ஆனால் இந்தத் துறையைப் பற்றிய பேச்சு எப்போதும் டொலரில் தொடங்கி டொலரில் முடிகிறது. இந்த ஆண்டு இத்தனை கோடி, கடந்த ஆண்டைவிட இத்தனை வீதம் என்று செய்தி வருகிறது. நான் கேட்க விரும்பும் கேள்விகள் வேறு. ஓ.டி. இல்லாமல், 45 மணித்தியால வேலைக்குக் கிடைக்கும் சம்பளத்தில் ஒரு தொழிலாளி வாழ முடியுமா? முறையாகச் சொல்லிவிட்டு எடுக்கும் ஒரு நாள் விடுமுறைக்காக வருகைக் கொடுப்பனவு ஏன் முழுவதுமாகப் போக வேண்டும்? அதை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்தால் என்ன? கடைசி நேரத்தில் வடிவமைப்பை மாற்றும் வாங்குபவர், தன்னால் தாமதமான நாட்களுக்குப் பொறுப்பெடுக்கிறாரா? தீர்வை பற்றிப் பேசப் போகும் எங்கள் பிரதிநிதிகள் இந்தக் கேள்விகளையும் கோப்பில் எடுத்துச் செல்கிறார்களா? ஊடகங்களில் இருக்கும் நாங்கள் இவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோமா?

பெப்ரவரியில் அடுத்த இலையுதிர்காலத்துக்கான துணி துறைமுகத்தில் இறங்கும். மார்ச்சில் வரிசைகள் ஓடத் தொடங்கும். பை வைக்கும் அந்தத் தங்கச்சி பிறந்தது நுவரெலியாவிலிருந்து முக்கால் மணித்தியால பஸ் பயணத்தில். சுற்றுலாப் பயணியாக ஒரு வார இறுதிக்குத் தன் சொந்த ஊருக்குப் போய்வர அவளுக்குத் தேவைப்படுவது ஒரு சனிக்கிழமை. அதன் விலை எவ்வளவு என்று சம்பளப் பட்டியலில் தெளிவாக எழுதியிருக்கிறது. அதை யார் கொடுப்பது என்பதைத்தான் இன்னும் எவரும் பேசவில்லை.